குதிரையின் நடை மருந்தாகுமா? மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் குதிரைவழி சிகிச்சை: குடும்பங்கள் அறிய வேண்டியவை

மும்பை: 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில், குதிரையேற்றத்தின் நுட்பப் பிரிவான டிரெஸ்ஸாஜில் வெள்ளிப் பதக்கம் வென்ற டென்மார்க் வீராங்கனை லிஸ் ஹார்டெலால் பதக்க மேடையில் தாமாக ஏற முடியவில்லை. இளம்பிள்ளை வாதத்தால் அவருடைய கால்கள் முழங்காலுக்குக் கீழே செயலிழந்திருந்தன. தங்கப் பதக்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி செயின்ட் சீர் அவரைத் தாங்கிப் பிடித்து மேடையேற்றினார். குதிரையின் துணையுடன் மறுவாழ்வு பெறுவது பற்றிய இன்றைய உலகளாவிய பேச்சுக்கு அந்தக் காட்சியே பெரும் தூண்டுகோலாக அமைந்தது.

மும்பையில் இந்தப் பேச்சுக்குத் தனிப் பொருத்தம் உண்டு. 1883-இல் தொடங்கப்பட்ட மகாலட்சுமி குதிரைப் பந்தயத் திடலும், 1955-இல் நிறுவப்பட்ட மத்திய அரசின் அகில இந்திய உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வு நிறுவனமும் ஹாஜி அலி அருகே ஒரே சாலையான கேசவ்ராவ் காட்யே மார்க்கில் அமைந்துள்ளன. தாராவிக்கு அருகிலுள்ள மாஹிம் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே செல்லும் மெதுவான புறநகர் ரயிலில் மகாலட்சுமி ஐந்தாவது நிலையம்.

மூளை முடக்குவாதம், ஆட்டிசம் போன்ற குறைபாடுகளுடன் பிறந்த குழந்தைகளின் பெற்றோரிடம் "குதிரை சிகிச்சை" என்ற சொல் இப்போது கைப்பேசிக் காணொளிகள் வழியாகவே பெரும்பாலும் வந்து சேர்கிறது. அவற்றில் சில "குணமாகிவிடும்" என்று வாக்குறுதியும் அளிக்கின்றன. இச்சிகிச்சையால் எது இயலும், எது இயலாது, எவருக்கு இது ஆபத்து, தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிக் குடும்பங்களுக்கு அருகிலேயே உள்ள உதவிகள் எவை என்பவற்றை இக்கட்டுரை தொகுத்தளிக்கிறது.

பெயர்கள் பல, பொருள் வேறு

குதிரையுடன் தொடர்புடைய எல்லாப் பயிற்சிகளையும் "குதிரை சிகிச்சை" என்றே அழைக்கும் வழக்கம் உள்ளது. இது குழப்பத்துக்கு இடமளிக்கிறது. எனவே துறை வல்லுநர்கள் 2021-இல் வெளியிட்ட ஒருமித்த பரிந்துரையில், "குதிரைத் துணைச் சேவைகள்" என்ற பொதுப்பெயரைப் பயன்படுத்துமாறும், அதனுள் சிகிச்சை, கல்வி, குதிரையேற்றம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுமாறும் கேட்டுக்கொண்டனர்.

முதலாவது, மருத்துவ சிகிச்சை. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழி சிகிச்சை, பேச்சு சிகிச்சை ஆகியவற்றில் தகுதி பெற்ற நிபுணர், தம் சிகிச்சைத் திட்டத்தின் ஒரு கருவியாகக் குதிரையின் நடையைப் பயன்படுத்துவது இதில் அடங்கும். "ஹிப்போதெரபி" என்ற சொல் இதனையே குறிக்கிறது. கிரேக்க மொழியில் குதிரையைக் குறிக்கும் "ஹிப்போஸ்" என்ற சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. இதில் நோயாளி குதிரையேற்றம் கற்பதில்லை. குதிரையின் அசைவுக்கு அவருடைய உடல் மறுமொழி தருகிறது.

இரண்டாவது, உளவியல் சார்ந்த பயிற்சி. மனநல நிபுணர் உடனிருக்க, குதிரையைத் தேய்த்துவிடுதல், கயிற்றைப் பிடித்து நடத்திச் செல்லுதல் போன்ற பணிகள் வழியாக நோயாளி தம் உணர்வுகளைக் கவனிக்கப் பழகுகிறார். பெரும்பாலான அமர்வுகளில் குதிரை மீது ஏறுவதே இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கு அளிக்கப்படுவது பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது.

மூன்றாவது, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட குதிரையேற்றப் பயிற்சி. இது விளையாட்டும் பொழுதுபோக்கும் ஆகும். பயிற்றுநர் நடத்தும் இவ்வகுப்பு உடலுக்கும் மனத்துக்கும் நன்மை தரலாம்; ஆயினும் மருத்துவ சிகிச்சை என்ற பெயருக்கு உரியதாகாது. இந்த வேறுபாட்டை அறியாமல் விளையாட்டு வகுப்புக்கு சிகிச்சைக் கட்டணம் செலுத்தும் நிலை பெற்றோருக்கு ஏற்படக்கூடும்.

குதிரையின் நடை உடலில் என்ன செய்கிறது?

குதிரை மெதுவாக நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், சுழற்சியாகவும் அசைகிறது. இந்த மூவகை அசைவும் மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்பெலும்புக்கு அப்படியே கடத்தப்படுகிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசையும் விதத்தை இது பெரிதும் ஒத்திருக்கிறது. தாமாக நடக்க இயலாத குழந்தை, நடப்பவரின் இடுப்பு அசைவைக் குதிரையின் முதுகில் அமர்ந்தபடி உணர்கிறது.

ஒவ்வோர் அடிக்கும் உடல் சற்றே நிலைகுலைகிறது. உடனே முதுகுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் இயங்கி அதனை நேர்ப்படுத்துகின்றன. அரை மணி நேர அமர்வில் இந்த நிலைகுலைவும் திருத்தமும் ஆயிரக்கணக்கான முறை நிகழ்கின்றன. இத்தனை முறை சலிப்பின்றி ஒரு குழந்தையை மேசை மீதோ பயிற்சிப் பந்தின் மீதோ பயிற்றுவிப்பது கடினம். குதிரையின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதும், கால்களை அகற்றி அமர வேண்டியிருப்பதும் இறுகிய தொடைத் தசைகளைத் தளர்த்த உதவுவதாக சிகிச்சையாளர்கள் கருதுகின்றனர்.

குதிரையின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், வளைவாக நடத்தியும், திடீரென நிறுத்தியும், அமரும் நிலையை முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என மாற்றியும் சிகிச்சையாளர் பயிற்சியின் கடுமையை வகுக்கிறார். மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பதற்கு இது நிகரானது.

ஓர் அமர்வு நடைபெறும் விதம்

முறையான அமர்வு ஒன்றில் ஒரு நோயாளிக்காக மூன்று அல்லது நான்கு பேர் பணியாற்றுவர். ஒருவர் குதிரையைக் கயிற்றில் பிடித்து நடத்துவார். இருவர் இருபுறமும் நடந்து, அமர்ந்திருப்பவரின் தொடையையோ இடுப்பையோ தாங்கிக்கொள்வர். சிகிச்சையாளர் அசைவுகளைக் கவனித்து அறிவுறுத்துவார். சக்கர நாற்காலியில் வருபவர் ஏறுவதற்குச் சாய்தளமோ மேடையோ தேவை. தலைக்கவசம் கட்டாயம். அங்கவடியில் கால் வைக்கும் நிலை ஏற்பட்டால், விழும்போது கால் சிக்காமல் உடனே விடுபடும் பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும். ஹிப்போதெரபியில் பல நேரங்களில் சேணத்துக்குப் பதிலாக மெத்தை விரிப்பும் கைப்பிடி கொண்ட வாரும் பயன்படுத்தப்படுகின்றன.

அமர்வுகள் பொதுவாக 30 முதல் 45 நிமிடங்கள் வரை, வாரத்துக்கு ஒரு முறை அல்லது இரு முறை என 8 முதல் 12 வாரங்கள் நீடிக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் உடல் திறனை அளந்து பதிவு செய்வது சிகிச்சையின் இன்றியமையாத பகுதியாகும்.

ஒலிம்பிக் மேடையிலிருந்து பாராலிம்பிக் வரை

லிஸ் ஹார்டெல் 1944-இல், தமது 23-ஆவது வயதில், கருவுற்றிருந்தபோது இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். படிப்படியாகப் பயிற்சி மேற்கொண்டு மீண்டும் குதிரையேறினார். டிரெஸ்ஸாஜில் பெண்கள் ஆண்களுடன் போட்டியிட முதன்முதலாக அனுமதிக்கப்பட்ட ஒலிம்பிக் போட்டியே 1952 ஹெல்சிங்கி ஆகும். 1956-இல் குதிரையேற்றப் போட்டிகள் மட்டும் தனியே ஸ்டாக்ஹோமில் நடத்தப்பட்டபோதும் அவர் வெள்ளி வென்றார். இரு பதக்கங்களும் ஜூபிலி என்ற குதிரையில் வென்றவை.

அதே காலத்தில் நார்வேயின் பிசியோதெரபி நிபுணர் எல்ஸ்பெத் போட்கெர், உடற்குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மட்டக்குதிரைகளைக் கொண்டு பயிற்சி அளிக்கத் தொடங்கினார். 1960-களில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் இது பிசியோதெரபியின் துணைமுறையாக வளர்ந்தது. 1969-ஆம் ஆண்டு பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றச் சங்கமும், அமெரிக்காவில் இன்று "பாத் இன்டர்நேஷனல்" எனப்படும் அமைப்பும் உருவாயின. தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் டொரண்டோ நகரிலும் அதே ஆண்டு இத்தகைய சங்கம் தொடங்கப்பட்டது. 1996 அட்லாண்டா பாராலிம்பிக் முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான டிரெஸ்ஸாஜ் போட்டி தொடர்ந்து இடம்பெற்று வருகிறது.

ஆய்வுகள் என்ன கூறுகின்றன?

இத்துறையில் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. எனினும் பெரும்பாலானவை சிறிய எண்ணிக்கையிலானோரைக் கொண்டு குறுகிய காலத்தில் நடத்தப்பட்டவை. அவற்றுள் குறிப்பிடத்தக்கவை வருமாறு.

மூளை முடக்குவாதம்: தென்கொரியாவில் 4 முதல் 10 வயதுக்குட்பட்ட 92 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. 8 வாரங்கள், வாரம் இருமுறை 30 நிமிடம் குதிரையின் மீது பயிற்சி பெற்ற குழந்தைகளிடம், வீட்டில் உடற்பயிற்சி மட்டும் செய்த குழந்தைகளைக் காட்டிலும் உடல் இயக்கத் திறனும் சமநிலையும் மேம்பட்டன. மூளையில் ஏற்பட்ட பாதிப்பை இது மாற்றுவதில்லை. அமரும் நிலை, கழுத்து நிற்றல், தலையைத் திருப்புதல் போன்ற அன்றாடத் திறன்களில் ஏற்படும் சிறு முன்னேற்றமே இதன் பயன். கைத்தாங்கல் இன்றி உட்காரக் கற்ற குழந்தையைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் எளிதாகும் என்பதால், இந்தச் சிறு முன்னேற்றமும் தாய்மார்களுக்குப் பெரிது.

ஆட்டிசம்: அமெரிக்காவில் 6 முதல் 16 வயதுக்குட்பட்ட 127 பேரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், 10 வாரக் குதிரையேற்றப் பயிற்சிக்குப் பின் எரிச்சல், மிகை இயக்கம் ஆகியவை குறைந்தன; பேசும் சொற்களின் எண்ணிக்கை கூடியது. ஒப்பீட்டுக் குழுவினரும் அதே லாயத்துக்கு வந்து, உயிருள்ள குதிரையின்றிக் குதிரைகளைப் பற்றிக் கற்றனர். ஆகவே வெளியில் சென்று வந்த மகிழ்ச்சியால் மட்டும் ஏற்பட்ட பலன் அது என்று ஒதுக்கிவிட இயலாது.

தண்டுவட மரப்பு நோய்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் இந்நோயால் பாதிக்கப்பட்ட 70 பேரிடம் ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான 12 வார ஆய்வில் சமநிலை மேம்பட்டதுடன், சோர்வும் தசை இறுக்கமும் குறைந்தன.

பக்கவாதம்: ஸ்வீடனில் பக்கவாதம் ஏற்பட்டு 10 மாதம் முதல் 5 ஆண்டு வரை கடந்த 123 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். தாங்கள் மீண்டு வருவதாக உணர்ந்தவர்கள் குதிரையேற்றக் குழுவில் 56 விழுக்காடு. தாளமும் இசையும் சார்ந்த சிகிச்சைக் குழுவில் 38 விழுக்காடு. வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்ற குழுவில் 17 விழுக்காடு. இந்த முடிவுகள் 2017-இல் வெளியாயின. குதிரை இல்லாத இசைக் குழுவும் கணிசமான பலன் பெற்றது இங்குக் கவனிக்கத்தக்கது.

மறுபுறம், மனநலக் கோளாறுகளுக்கான குதிரைவழி சிகிச்சைகள் குறித்த 14 ஆய்வுகளைப் பரிசீலித்து 2014-இல் வெளியான கட்டுரை ஒன்று, அவற்றின் ஆய்வுமுறைகளில் கடும் குறைகள் இருப்பதாகவும், போதிய சான்று கிடைக்கும்வரை இச்சிகிச்சையைப் பரவலாக விளம்பரப்படுத்துவது சரியன்று எனவும் தெரிவித்தது.

முன்னாள் படைவீரர்களும் குதிரைகளும்

போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர்கள் சிலருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு ஏற்படுகிறது. உறக்கமின்மை, திடுக்கிடுதல், எந்நேரமும் எச்சரிக்கையாக இருத்தல், நெருங்கியவர்களிடமிருந்தும் விலகி நிற்றல் ஆகியன இதன் அறிகுறிகள். நடந்ததைச் சொல்லச் செய்யும் வழக்கமான உளவியல் சிகிச்சைகளைப் பலர் பாதியிலேயே கைவிடுகின்றனர்.

குதிரை, வேட்டை விலங்குகளுக்கு இரையாகும் இனம். எனவே அதுவும் எப்போதும் சுற்றுப்புறத்தைக் கவனித்தபடியே இருக்கும். அருகில் வருபவரின் உடல் இறுக்கத்தையும் அசைவையும் கண்டு விலகவோ நெருங்கவோ செய்யும். குதிரை அருகே வர வேண்டுமெனில் தம் மூச்சையும் கைகளையும் அடக்க வேண்டும் என்பதை வீரர் செயலில் கற்றுக்கொள்கிறார். சொற்களால் விளக்க இயலாத அச்சத்தை இவ்வாறு அணுகலாம் என்பதே இச்சிகிச்சையின் அடிப்படைக் கருத்து.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், புகழ்பெற்ற பந்தயக் குதிரையான "மேன் ஓ வார்" பெயரால் நடத்தப்பட்ட திட்டத்தில் 63 முன்னாள் படைவீரர்கள் சேர்க்கப்பட்டனர். வாரம் ஒன்று வீதம் 8 குழு அமர்வுகள் நடைபெற்றன. முடிவில் பாதியளவினருக்கு அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. 3 மாதங்களுக்குப் பின்னரும் அந்தப் பலன் நீடித்தது. எனினும் 2021-இல் வெளியான இந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. காலப்போக்கில் தானாகக் குறைந்த அறிகுறிகளையும், சக வீரர்களுடன் கூடியிருந்ததால் கிடைத்த பலனையும் குதிரையால் கிடைத்த பலனிலிருந்து பிரித்தறிய ஒப்பீட்டுக் குழு தேவை. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, மாற்றுத்திறனாளி வீரர்களுக்கான விளையாட்டு மானியத் திட்டத்தின்கீழ் குதிரைவழிப் பயிற்சிகளுக்கும் நிதி வழங்கி வருகிறது.

இந்தியாவில் போரில் உடல் ஊனமுற்ற வீரர்களின் மறுவாழ்வுக்கு நீண்ட வரலாறு உண்டு. புணே அருகே கட்கியில் 1917-இல், முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்காகத் தொடங்கப்பட்ட குயின் மேரி தொழில்நுட்ப நிறுவனம் இன்றும் செயல்படுகிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையமும் 1974 முதல் கட்கியில் இயங்கி வருகிறது.

விளையாட்டே மறுவாழ்வாக மாறியதற்கு மகாராஷ்டிரத்தில் சிறந்த சான்று முரளிகாந்த் பேட்கர். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், சிகிச்சையின் ஒரு பகுதியாக நீச்சலை மேற்கொண்டார். 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்று, இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருக்கு வாய்த்தது குதிரையன்று, நீர். உடல் தாங்கப்படும்போது செயலிழந்த தசைகளுக்கு அப்பால் எஞ்சியிருக்கும் திறன் வெளிப்படுகிறது என்ற உண்மை இரண்டுக்கும் பொது.

எல்லாக் குதிரைகளும் ஏற்றவை அல்ல

இந்தியாவில் குதிரைகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்து வருகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 3.4 லட்சம், இது 2012 கணக்கெடுப்பை விட 45 விழுக்காட்டுக்கும் அதிகமான சரிவு. மும்பையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற விக்டோரியா குதிரை வண்டிகள் சட்டவிரோதமானவை என மும்பை உயர் நீதிமன்றம் 2015 ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. வேலையிழக்கும் வண்டிக் குதிரைகளையும், ஓய்வு பெறும் பந்தயக் குதிரைகளையும் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் இயல்பாக எழக்கூடும்.

ஆனால் சிகிச்சைக்குரிய குதிரைக்கு இரு பண்புகள் இன்றியமையாதவை. முதலாவது, திடீர் ஒலிக்கும் அசைவுக்கும் மிரளாத சாந்த குணம். இரண்டாவது, சீரான நடை. கார்ச்சாலையில் ஆண்டுக்கணக்கில் ஓடி கால் நொண்டும் குதிரை, ஒருபுறம் சாய்ந்த அசைவையே மேலிருப்பவரின் இடுப்புக்குக் கடத்தும். முதுகு வளைந்த குழந்தைக்கு அது நன்மைக்குப் பதில் தீங்கிழைக்கலாம். சேணத்தையும் சேர்த்து, குதிரை சுமக்கும் எடை அதன் உடல் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. சிகிச்சைக் குதிரைக்கும் ஓய்வு, லாடம், பல் பராமரிப்பு, கால்நடை மருத்துவம் ஆகியன தேவை. இச்செலவுகளே கட்டணத்தை உயர்த்துகின்றன.

நோய்த்தொற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். குதிரைகளிடமிருந்து மனிதர்களுக்குப் பரவக்கூடிய கிளாண்டர்ஸ் நோய் இந்தியாவில் அவ்வப்போது கண்டறியப்படுகிறது. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்கீழ் இது அறிவிக்கப்பட வேண்டிய நோயாகும். குதிரைகளுக்கு இந்நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டுள்ளதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. குழந்தைக்கு டெட்டனஸ் தடுப்பூசி முறையாகப் போடப்பட்டிருப்பதும் அவசியம்.

எவர் ஏறக்கூடாது?

மருத்துவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி எவரையும் குதிரையில் ஏற்றக்கூடாது. கீழ்க்காணும் நிலைகளில் சிறப்பு எச்சரிக்கை தேவை. சிலவற்றில் ஏறுவதையே தவிர்க்க வேண்டும்.

• டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரு எலும்புகளுக்கிடையே உறுதி குறைவாக இருக்கும். குதிரையின் அசைவால் தண்டுவடம் பாதிக்கப்படும் அபாயம் உள்ளதால் மருத்துவப் பரிசோதனை கட்டாயம்.
• மருந்தால் கட்டுப்படாத வலிப்பு நோய்.
• இடுப்பு மூட்டு விலகல். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளிடம் இது வெளியே தெரியாமலும் இருக்கலாம். எக்ஸ்ரே மூலமே உறுதியாகும்.
• கடுமையான முதுகெலும்பு வளைவு, எலும்பு எளிதில் முறியும் நோய்கள்.
• குதிரையின் ரோமத்தாலும் வைக்கோல் தூசியாலும் தூண்டப்படும் ஒவ்வாமை, ஆஸ்துமா.
• உட்காரும் இடத்தில் ஆறாத படுக்கைப் புண். உணர்ச்சியற்ற தோலில் உராய்வு தெரியாது என்பதால் தண்டுவடக் காயமுற்றவர்களுக்கு இது முக்கியமானது.
• 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகள்.

தாராவியிலிருந்து பார்க்கும்போது

இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் பல லட்சம் பேர் வாழும் தாராவியில், திருநெல்வேலி உள்ளிட்ட தென் மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் உள்ளனர். இங்குள்ள சந்துகள் பலவற்றில் சக்கர நாற்காலி நுழைவதே அரிது. மாடி அறைக்குச் செங்குத்தான இரும்பு ஏணியே வழி. நடக்க இயலாத குழந்தையை இடுப்பில் சுமந்தே தாய் முதன்மைச் சாலைக்கு வர வேண்டியுள்ளது. குழந்தை வளர வளர இந்தப் பயணம் குறைந்து, பின்னர் நின்றும் போகிறது. ஆகவே இப்பகுதிக் குடும்பங்களைப் பொறுத்தவரை, குதிரை கிடைக்குமா என்பதற்கு முந்திய கேள்வி, வழக்கமான சிகிச்சைக்கு வாரந்தோறும் சென்றுவர இயலுமா என்பதே.

குதிரைவழி சிகிச்சை எந்த நாட்டிலும் முதல்நிலை சிகிச்சையாகக் கருதப்படுவதில்லை; அது துணைமுறை. பிசியோதெரபியையும் பேச்சு சிகிச்சையையும் நிறுத்திவிட்டு அதற்கான பணத்தையும் நேரத்தையும் குதிரைக்குச் செலவிடுவது குழந்தைக்கு இழப்பையே தரும். குதிரை இன்றியும் அதே தசைகளைப் பயிற்றுவிக்கும் வழிகள் உள்ளன. பெரிய பயிற்சிப் பந்து, உருளைத் தலையணை, ஊஞ்சல், நீர்ப்பயிற்சி ஆகியவற்றைச் சிகிச்சையாளர்கள் இதற்காகவே பயன்படுத்துகின்றனர். குதிரையின் அசைவைப் போலச் செய்யும் இயந்திரங்களும் சில நாடுகளின் மறுவாழ்வு மையங்களில் உள்ளன.

தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதியினருக்கு அருகிலுள்ள பொது நிறுவனங்கள் வருமாறு:

• சயான் மருத்துவமனை என அறியப்படும் லோக்மான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. தாராவியிலுள்ள நகர்ப்புற நலவாழ்வு மையமும் இதைச் சார்ந்தது.
• ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வு நிறுவனம். செயற்கைக் கால், காலணைகள் உள்ளிட்ட துணைக்கருவிகளும் இங்கு உருவாக்கப்படுகின்றன.
• பாந்திரா ரெக்ளமேஷனில் 1983 முதல் இயங்கும் அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் குறைபாட்டு நிறுவனம்.
• மிது ஆலூர் 1972-இல் மும்பையில் தொடங்கிய இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம். தற்போது "அடாப்ட்" என்ற பெயரில் செயல்படும் இவ்வமைப்பு, தாராவியின் அங்கன்வாடிகளில் மாற்றுத்திறன் குழந்தைகளைச் சேர்க்கும் பணியையும் மேற்கொண்டது.

சட்டமும் உதவித் திட்டங்களும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு நோய் உள்ளிட்ட 21 குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. மறுவாழ்வுச் சேவைகளை வழங்குவதை அரசின் கடமையாக்கும் இச்சட்டம், மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுகளில் பங்கேற்பதற்கான வசதிகளை ஏற்படுத்துமாறும் 30-ஆவது பிரிவில் கூறுகிறது. குதிரையேற்றம் உள்ளிட்ட எந்த விளையாட்டிலும் இடம் கோருவோர் இப்பிரிவைச் சுட்டிக்காட்டலாம்.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் வரும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு "நிராமயா" காப்பீட்டுத் திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு கிடைக்கும். வெளிநோயாளியாகப் பெறும் தொடர் சிகிச்சைகளும் குறிப்பிட்ட வரம்புக்குள் இதில் அடங்கும். தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வைத்திருப்பது பல உதவிகளுக்கு வழி திறக்கும். 18 வயது வரையிலான குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறியும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. மும்பைப் புறநகர் ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பெட்டி ஒதுக்கப்பட்டுள்ளது.

சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

குதிரைவழி சிகிச்சை அளிப்பதாகக் கூறும் எந்த மையத்திலும் பணம் செலுத்துவதற்கு முன் பெற்றோர் கீழ்க்காணும் கேள்விகளை எழுப்ப வேண்டும் என்பது இத்துறையின் நடைமுறைகளிலிருந்து தெளிவாகிறது.

• அமர்வை நடத்துபவர் பிசியோதெரபி, செயல்வழி சிகிச்சை, பேச்சு சிகிச்சை அல்லது மனநலத் துறையில் தகுதி பெற்றவரா? குதிரையேற்றப் பயிற்றுநர் மட்டுமே இருந்தால் அது விளையாட்டு வகுப்பு.
• மருத்துவரின் ஒப்புதலையும் தேவைப்படும் எக்ஸ்ரேக்களையும் கேட்கிறார்களா? கேட்காத மையத்தைத் தவிர்ப்பது நலம்.
• எந்தத் திறன் எத்தனை வாரங்களில் மேம்பட வேண்டும் என்று எழுத்தில் குறிப்பிடுகிறார்களா? அந்த இலக்கு எட்டப்படாவிட்டால் நிறுத்துவார்களா?
• இருபுறமும் நடந்து வர ஆட்கள் உள்ளனரா? தலைக்கவசமும் ஏறும் மேடையும் உள்ளனவா?
• விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? காப்பீடு உள்ளதா?
• குதிரைகளின் நோய்ப் பரிசோதனைச் சான்று உள்ளதா?

"முழுமையாகக் குணமாகும்" என்ற வாக்குறுதி எந்த மையத்திலிருந்து வந்தாலும் அது ஆய்வுகளுக்குப் புறம்பானது. நிபுணர் தரும் நேர்மையான மறுமொழி, "முயன்று பார்க்கலாம், அளந்து பார்ப்போம்" என்பதாகவே இருக்கும்.

மகாலட்சுமி திடலின் எதிர்காலம்

மும்பையில் குதிரையேற்றத்துக்கு எஞ்சியிருக்கும் பெரிய வெளியான மகாலட்சுமி பந்தயத் திடலின் 99 ஆண்டுக் குத்தகை 2013-இல் முடிவடைந்தது. நீண்ட இழுபறிக்குப் பின், திடலின் 120 ஏக்கர் பரப்பைப் பொதுப் பூங்காவாக மாற்றும் திட்டம் 2024-இல் உறுதி செய்யப்பட்டது. எஞ்சிய பகுதியில் பந்தயமும் குதிரையேற்றப் பயிற்சியும் தொடரும்.

மறுவாழ்வு மருத்துவத்துக்கான மத்திய அரசு நிறுவனமும், பழகிய குதிரைகளும், விரைவில் பொதுமக்களுக்குத் திறக்கப்படவுள்ள பசுமை வெளியும் ஒரே இடத்தில் அமைந்திருப்பது நாட்டின் பிற நகரங்களுக்கு எளிதில் வாய்க்காதது. புதிய பூங்காவின் பாதைகள் சக்கர நாற்காலிக்கு ஏற்றவையாக அமையுமா, குதிரை ஏறுவதற்கான ஒரு சாய்தளத்துக்கு அங்கு இடம் கிடைக்குமா என்பவை வரைபட நிலையிலேயே முடிவு செய்யப்பட வேண்டியவை. மாஹிமில் ரயிலேறி ஐந்தாவது நிலையத்தில் இறங்கும் தாய்க்கு, அதன்பின் குழந்தையைச் சுமக்க வேண்டிய தொலைவு எவ்வளவு என்பதை அந்த வரைபடமே தீர்மானிக்கும்.